அடிமைக் கப்பல் டேட்டாபேஸ்: எந்த எண்ணைக் கட்டுரையில் போடுவது?

செங்கதிர்

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. வரலாறு ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். அட்லாண்டிக் அடிமை வணிகம் பத்தி செமினார் பேப்பர் எழுதணும். "புத்தகத்துல இருக்கிறதையே திருப்பி எழுதாதே, ஸ்லேவ் வாயேஜஸ் தளத்துக்குப் போய் நீயே எண்ணிப் பாரு"ன்னு கைடு சொல்லிட்டாங்க.

போய்ப் பார்த்தா தலை சுத்துது. 1501 முதல் 1866 வரைக்கும் சுமார் 36,000 கப்பல் பயணம், ஒவ்வொண்ணும் ஒரு வரிசை. ஆப்பிரிக்காவில் ஏத்தப்பட்டவங்களைக் கூட்டினா ஒரு கோடியை ஒட்டி வருது. அதே தளத்துல 'எஸ்டிமேட்ஸ்'னு இன்னொரு பக்கம் இருக்கு, அங்கே சுமார் 1.25 கோடி. லைப்ரரியில பிலிப் கர்ட்டின் 1969ல எழுதின புத்தகம் கிடைச்சுது, அதுல சுமார் 95 லட்சம். மூணுல எதைப் போடுறது? வைவாவுல கேட்டா பதில் சொல்லணுமே.

கடற்குதிரை

மூணும் மூணு வேற கேள்விக்கான பதில் தம்பி. ஒத்துப்போகாம இருக்கிறதுதான் சரி.

கர்ட்டின் எண்ணினது கரையில உயிரோட இறங்கினவங்களை. ஏத்தினவங்களை இல்லை. அவர் காலத்துல கப்பல் கப்பலா எண்ணிப் பார்க்கிற வசதி கிடையாது, அச்சில் வந்திருந்த கணக்குகளை அலசி ஒரு தொகைக்கு வந்தார். அதுக்கு முன்னாடி ஆளாளுக்கு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க, அதனால அது பெரிய வேலைதான். பிறகு டேவிட் எல்டிஸ், டேவிட் ரிச்சர்ட்சன், ஸ்டீபன் பெரண்ட், ஹெர்பர்ட் க்ளைன் மாதிரி ஆய்வாளர்கள் தனித்தனியா சேர்த்து வெச்சிருந்த கப்பல் பட்டியல்களை ஒண்ணாக்கினாங்க. 1999ல சிடி-ராமா வந்தப்போ 27,233 பயணம். போர்ச்சுகல், பிரேசில் பக்கம் அதுல பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை ஓரளவு அடைச்சு 2008ல இணையத்துக்குக் கொண்டு வந்தாங்க.

இப்ப நீங்க கூட்டினது, ஆவணம் கிடைச்ச பயணங்களை மட்டும். எஸ்டிமேட்ஸ் பக்கம், ஆவணம் கிடைக்காத பயணங்களையும் துறைமுகம் துறைமுகமா, காலகட்டம் காலகட்டமா மதிப்பிட்டுச் சேர்த்தது. நடந்த வணிகத்துல ஐந்தில் நாலு பங்குக்கு ஆவணம் கிடைச்சிருக்குன்னு வெச்சுக்கலாம். மொத்தத்தைப் பத்தி ஒரு வாக்கியம் எழுதுறீங்கன்னா எஸ்டிமேட்ஸ்: ஏத்தப்பட்டவங்க சுமார் 1.25 கோடி, இறங்கினவங்க சுமார் 1.07 கோடி. நடுவுல காணாமப்போன 18 லட்சம் பேர் கடல்லயே செத்தவங்க, ஏழு பேருக்கு ஒருத்தர் கணக்கு. ஒரு கப்பல், ஒரு கேப்டன், ஒரு துறைமுகம்னு எழுதுறீங்கன்னா பயண வரிசைக்குப் போங்க. ரெண்டையும் ஒரே அட்டவணையில மட்டும் கலந்துடாதீங்க.

டேட்டா_துரை

அக்கா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். அந்த ஒரு கோடியும் முழுசா ஆவணத்துல இருக்கிற எண் இல்லை.

ஒவ்வொரு வரிசையிலயும் 'ஏற்றப்பட்டோர்' ரெண்டு தடவை வரும். ஒண்ணு ஆவணத்துல எழுதியிருந்த எண். இன்னொண்ணுல 'இம்ப்யூட்டட்'னு குறி இருக்கும். ஆவணத்துல எண் இல்லாத இடத்துல, அதே மாதிரிக் கப்பல், அதே கரை, அதே காலகட்டத்துல சராசரியா எத்தனை பேர் ஏத்தினாங்கன்னு பார்த்து நிரப்பினது. கொடிக்கும் (கப்பல் எந்த நாட்டோடதுங்கிறது) ஆட்களை வாங்கின இடத்துக்கும்கூட இப்படி நிரப்பின கட்டங்கள் உண்டு. எக்செல்ல இறக்கினதும் முதல் வேலையா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஆவண எண் காலியா இருக்கிற வரிசை எத்தனைன்னு கண்ணுக்கே தெரியும்.

சிலர் நிரப்பின எண்களை எடுத்து "சராசரி மாறவே இல்லை, ஆகவே வணிகம் நிலையாக இருந்தது"ன்னு முடிவு எழுதிடறாங்க. சராசரியால நிரப்பின கட்டம் சராசரியைத்தானே காட்டும்!

முல்லைநிலவன்

மன்னிக்கணும், எனக்கு இந்த உரையாடலே ஒரு மாதிரி இருக்கு. மனுஷனை விலைக்கு வாங்கினவன் எழுதி வெச்ச சரக்குக் கணக்கு அது. இன்ஷூரன்ஸ் பேப்பர், சுங்கப் பேப்பர், கம்பெனி லெட்ஜர். அதையே எடுத்து எக்செல்ல போட்டு, கட்டம் காலியா இருந்தா சராசரி போட்டு நிரப்புறோம். செத்தவனுக்கு இதுல என்ன இடம்? தளத்துல ஒரு அனிமேஷன் இருக்கே, பார்த்தீங்களா? ஒவ்வொரு கப்பலும் ஒரு புள்ளி. புள்ளி மேற்கே ஓடி மறையுது. அதுக்குள்ள முந்நூறு பேர் சங்கிலியில கிடக்குறாங்க.

கடற்குதிரை

நியாயமான கோபம். ஆனா அந்தக் கணக்கை வெச்சே அவங்களைப் பிடிக்கலாம்.

ஸாங் கப்பலை எடுத்துக்கோங்க. லிவர்பூல் வியாபாரி வில்லியம் கிரெக்சன் கூட்டத்தோடது, கேப்டன் லூக் காலிங்வுட். 1781 ஆகஸ்டுல ஆப்பிரிக்கக் கரையை விட்டப்போ 442 பேர். டிசம்பர்ல ஜமைக்காவோட பிளாக் ரிவர்ல நுழைஞ்சப்போ 208 பேர். டேட்டாபேஸ்ல இது ஒரு வரிசை, கழிச்சுப் பார்த்தா 234. அந்தக் கழித்தலை மட்டும் பார்க்கிறவங்க சீதபேதி, அம்மைன்னு நினைச்சுக் கடந்து போயிடுவாங்க. நடந்தது வேற. குடிதண்ணி தீர்ந்துபோச்சுன்னு காரணம் சொல்லி நூத்து முப்பதுக்கும் மேல உயிரோட கடல்ல தள்ளினாங்க. நோயில செத்தா இன்ஷூரன்ஸ் கிடையாது, கப்பலைக் காப்பாத்த சரக்கைக் கடல்ல எறிஞ்சா உண்டு. தலைக்கு 30 பவுண்டுன்னு கேட்டு முதலாளிகள் கோர்ட்டுக்குப் போனாங்க. அது 1783ல கிரெக்சன் எதிர் கில்பர்ட் வழக்கா மேல்விசாரணைக்கு வந்தது. கப்பலோட லாக் புத்தகம் (பயணக் குறிப்பேடு) மட்டும் ஜமைக்காவுக்கு வந்ததுக்கு அப்புறம் கிடைக்கவே இல்லை. கொலை வழக்கு? ஒருத்தர் மேலயும் இல்லை.

டேட்டாபேஸ் வரிசை இதைச் சொல்லாது. ஆனா ஒவ்வொரு வரிசையோட கடைசியிலயும் 'சோர்சஸ்'னு ஒரு கட்டம் இருக்கு, எந்த ஆவணக்காப்பகம், எந்தக் கட்டுன்னு சுருக்கக் குறியீட்டுல. நிறையப் பேர் அதைத் திறக்கிறதே இல்லை. அந்தக் கட்டத்துலதான் உங்க செத்தவங்களுக்கு வழி இருக்கு.

ஓய்வுவாத்தியார்

முல்லைநிலவன் தம்பிக்கு: நான் முப்பது ஆண்டுகள் பள்ளியில் வரலாறு நடத்தியவன். எண்ணிக்கை மனிதர்களை மறைக்கும் என்பது உண்மை. எண்ணிக்கை இல்லாத இடத்தில் பொய் குடியேறும் என்பதும் உண்மை.

எங்கள் காலத்தில் 'அடிமை முறை' என்றாலே வட அமெரிக்கப் பருத்திக் காடு மட்டும்தான். சினிமா, நாவல் எல்லாம் அப்படிப் பழக்கியிருந்தன. எஸ்டிமேட்ஸ் பக்கத்தில் இறங்கிய இடம் வாரியாகப் பாருங்கள். இன்றைய ஐக்கிய அமெரிக்கப் பகுதிக்கு ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்கள் சுமார் 3.9 லட்சம். பிரேசிலுக்குச் சுமார் 48 லட்சம். பிரிட்டிஷ் கரீபியத் தீவுகளுக்கு 23 லட்சம் அளவில். வட அமெரிக்காவில் அடிமைகளின் எண்ணிக்கை பிறப்பால் பெருகியது. கரும்புத் தீவுகளில் பிறப்பை விட இறப்பு அதிகம், ஆகவே கப்பல் கப்பலாகப் புதிதாக இறக்கிக்கொண்டே இருந்தார்கள். அந்த இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குள் ஒரு சர்க்கரை ஆலையின் கொடுமை முழுவதும் இருக்கிறது.

இன்னொன்று. ரியோ டி ஜெனீரோவில் அடிமைகளை இறக்கிய வலோங்கோ படித்துறை 2011இல் சாலைப் பணியின்போது தோண்டி வெளியே வந்தது, 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பிரேசில் 1831இலேயே இறக்குமதியைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. அதன் பிறகு வந்த கப்பல்களை வருடம் வாரியாக வடிகட்டிப் பாருங்கள், சட்டம் காகிதத்தில் தூங்கியது தெரியும். 1850இல் இன்னொரு சட்டம் வந்த பிறகுதான் எண்ணிக்கை சரிகிறது. 1890இல் அந்நாட்டு நிதியமைச்சர் ருய் பார்போசா, அமைச்சகத்தில் இருந்த அடிமை முறை ஆவணங்களை எரிக்க உத்தரவிட்டார். முன்னாள் உரிமையாளர்கள் நஷ்டஈடு கேட்டு வருவதைத் தடுக்க என்பது ஒரு விளக்கம். அப்படியிருந்தும் இத்தனை பயணங்கள் மீட்கப்பட்டிருக்கின்றன என்றால், கடலின் இரு கரையிலும் கணக்கு எழுதினார்கள் என்பதுதான் காரணம்.

செங்கதிர்

வாத்தியார் ஐயா, இதுவே ஒரு தனி பேப்பருக்கு ஆகும் போல!

கொடி வாரியா பார்த்தேன். போர்ச்சுகல்/பிரேசில் சுமார் 58 லட்சம், பிரிட்டன் சுமார் 32 லட்சம், பிரான்ஸ் சுமார் 14 லட்சம். பிரிட்டன்தான் முதல்னு எங்க பாடப்புத்தகம் படிச்சப்போ ஒரு நினைப்பு. இதுக்கு என்ன விளக்கம்?

டேட்டா_துரை

வருஷத்தை வெட்டிப் பாருங்க. நாலு நூற்றாண்டையும் கூட்டினா போர்ச்சுகல்/பிரேசில்தான் முதல். 18ஆம் நூற்றாண்டை மட்டும், அதுலயும் நடுவுல இருந்து 1807ல பிரிட்டன் தடைச் சட்டம் போடுற வரைக்கும் எடுத்தா பிரிட்டன் முன்னாடி நிக்கும். "எப்ப?"ன்னு கேக்காம "யார் முதல்?"னு கேட்டா எந்த டேட்டாபேஸும் பாதிப் பதில்தான் சொல்லும்.

ஆனா கொடியை அப்படியே நம்பாதீங்க. 'போர்ச்சுகல்/பிரேசில்' ரெண்டு நாட்டை ஒண்ணாப் போட்ட பிரிவு, 'ஸ்பெயின்/உருகுவே' அதே மாதிரி. 1807க்கு அப்புறம் பிரிட்டிஷ் கடற்படை ரோந்து வந்ததும் கப்பல்காரங்க எந்தக் கொடி ஏத்தினா சோதனை போட மாட்டாங்களோ அந்தக் கொடியை ஏத்தினாங்க. 1840, 50கள்ல அமெரிக்கக் கொடி பறந்துச்சுன்னா முதலாளி அமெரிக்கன்னு அர்த்தம் இல்லை.

தேடுறப்போ இன்னொரு சிக்கல் எழுத்துக்கூட்டல். புரூக்ஸ்னு ஒரு கப்பல், எல்லா வரலாற்றுப் புத்தகத்துலயும் படம் வருமே, ஆட்களை வரிசையா அடுக்கி வெச்ச வரைபடம். ஆங்கிலத்துல அதை 'இ' எழுத்து சேர்த்தும் எழுதுவாங்க, சேர்க்காமலும் எழுதுவாங்க. ரெண்டையும் போட்டுப் பாருங்க. கேப்டன் பேரும் அப்படித்தான்.

செங்கதிர்

புரூக்ஸ் தேடினேன் அண்ணே. பல வரிசை வருது. ஒரே கப்பலா, வேற வேறயா?

கடற்குதிரை

பெரும்பாலும் ஒரே கப்பல், வேற வேற பயணம். ஆனா கட்டின வருஷம், ஊர், முதலாளி பேர் மூணும் பொருந்துதான்னு பார்த்துட்டுத்தான் சேர்க்கணும். இந்தப் புரூக்ஸ் 1781ல கட்டினது, லிவர்பூல் வியாபாரி ஜோசப் புரூக்ஸுக்காக. அவர் பேர்தான் கப்பலுக்கும். அதே பேர்ல வேற கப்பல் இருந்தா முதலாளி மாறும்.

இதுல டன் கணக்கைக் கொஞ்சம் நிதானமா பாருங்க, உங்க பேப்பருக்கு உயிர் அங்கேதான் இருக்குன்னு நினைக்கிறேன். ஒரு கப்பல்ல எத்தனை பேரை ஏத்தலாம்னு வரம்பு கட்டி 1788ல பிரிட்டன்ல டால்பன் சட்டம்னு ஒண்ணு வந்தது. முதல் 201 டன் வரைக்கும் மூணு டன்னுக்கு அஞ்சு பேர், அதுக்கு மேல டன்னுக்கு ஒருத்தர். புரூக்ஸ் 320 டன்னுன்னு எழுதியிருந்தாங்க. 201 டன்னுக்கு 335, மீதி 119 டன்னுக்கு 119. ஆக 454 பேர் ஏத்த சட்டமே அனுமதிச்சது. அந்தப் படத்தை அச்சடிச்ச அடிமை வணிக ஒழிப்பு இயக்கத்தார் ஆணுக்கு ஆறடி நீளம், ஒண்ணேகால் அடிக்குச் சற்று மேல அகலம்னு கொடுத்துப் பார்த்தப்போ எல்லாரையும் படுக்க வைக்கவே இடம் பத்தலை. சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஒரு பயணத்துல அதே கப்பல் 609 பேரை ஏத்திக்கிட்டுப் போயிருக்குன்னு பார்லிமெண்ட் விசாரணையில் வந்தது: ஆண்கள் 351, பெண்கள் 127, பையன்கள் 90, சின்னப் பெண்கள் 41.

டேட்டாபேஸ்ல டன்னுக்கும் ரெண்டு கட்டம். எழுதியிருந்த டன், அப்புறம் ஒரே அளவுக்கு மாத்தின டன். ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமா அளந்தாங்க, பிரிட்டனே 1770கள்ல அளக்கிற விதியை மாத்தினாங்க. நெரிசலைக் கணக்குப் போடணும்னா மாத்தின டன்னைத்தான் எடுக்கணும்.

பண்ணைக்கடல்

வணக்கம், யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். இவ்வளவும் வாசிச்சுப்போட்டு ஒரு கேள்வி. எங்கட பக்கத்துச் சமாச்சாரம் இதுக்குள்ள வருமோ? ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) நாகபட்டினத்திலயிருந்து ஆக்களைப் பிடிச்சு இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இண்டைக்கு ஜகார்த்தா) கொண்டு போனவை எண்டு வாசிச்ச ஞாபகம்.

கடற்குதிரை

அட்லாண்டிக் டேட்டாபேஸ்ல அது வராதுங்க. ஆனா நீங்க சொன்னது நடந்ததுதான். 1658ல ஒல்லாந்தர் போர்த்துக்கீசரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடிச்சாங்க. அடுத்த வருஷங்கள்லயே தஞ்சாவூர்ப் பக்கம் பீஜப்பூர்ப் படையெடுப்பு, அதோட சேர்ந்து கடும் பஞ்சம். 1659 முதல் 1661க்குள்ள 8,000 முதல் 10,000 பேர் வரைக்கும் ஒல்லாந்தரோட கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கி இலங்கை, பத்தாவியா, மலாக்காவுக்கு அனுப்பினதா மார்க்கஸ் விங்க் ஒல்லாந்து ஆவணங்களை வெச்சு எழுதியிருக்கார். ஆசியப் பக்கத்து அடிமை வணிகத்துக்குத் தனி டேட்டாபேஸ் கட்டுற வேலையில ஆம்ஸ்டர்டாம்ல இருக்கிற சர்வதேச சமூக வரலாற்று நிறுவனம் இறங்கியிருக்கு. இங்கே அட்லாண்டிக் மாதிரி அடிமைகளுக்குன்னே தனிக்கப்பல் குறைவு. மிளகு, துணி, அரிசியோட பத்துப் பேர், இருபது பேர்னு சேர்த்து ஏத்தினதால எண்ணுறது ரொம்பக் கஷ்டம்.

இன்னொரு தொடர்பும் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில ஆட்களை வாங்கக் கொடுத்த பண்டங்கள்ல நம்ம கடற்கரைத் துணிக்குப் பெரிய பங்கு. சோழமண்டலக் கரையில நெய்து சாயம் போட்ட நீலத்துணிக்கு 'கினி'த் துணின்னே பேர். அங்கே காசாப் புழங்கின மாலத்தீவுச் சோழியும் ஐரோப்பா வழியா அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

பண்ணைக்கடல்

அப்ப அந்தப் பயண வரிசையில துணியைப் பற்றின கட்டம் ஒண்டும் இல்லையோ?

கடற்குதிரை

இல்லைங்க. எந்தச் சரக்கைக் கொடுத்து வாங்கினாங்கங்கிறதை அந்த டேட்டாபேஸ்ல முழுசாப் பார்க்க முடியாது. அதுக்குக் கம்பெனிக் கணக்குப் புத்தகத்துக்கே போகணும். ஒல்லாந்துல அடிமை வணிகம் பண்ணின மிடில்பர்க் கம்பெனியோட ஆவணங்கள் பயணம் பயணமா, சரக்குப் பட்டியலோட அப்படியே பிழைச்சிருக்கு. 2011ல யுனெஸ்கோ 'உலக நினைவு'ப் பட்டியல்ல சேர்ந்தது.

முல்லைநிலவன்

அக்கா சொன்னதுக்கு அப்புறம் தளத்துல இன்னும் கொஞ்சம் துழாவினேன். பேர்ப் பட்டியல் ஒண்ணு இருக்கு. இதைப் பத்தி ஏன் யாரும் பேசலை?

1807க்கு அப்புறம் கடற்படை மறிச்ச கப்பல்கள்ல இருந்து மீட்டவங்களை சியரா லியோனோட ஃப்ரீடவுன்லயும், ஹவானாவுலயும் விசாரணை மன்றங்களுக்கு முன்னாடி நிறுத்திப் பதிவு பண்ணியிருக்காங்க. பேர், வயசு, ஆணா பெண்ணா, உயரம் எத்தனை அடி எத்தனை அங்குலம். முதல்ல போட்ட தொகுப்புல மட்டும் 91,491 பேர். வயசு நாலு, அஞ்சுன்னு வரிசையா வருது. மூணடிக்குக் கொஞ்சம் மேல உயரம். அதுக்கு மேல என்னால உருட்ட முடியலை.

ஓய்வுவாத்தியார்

அந்தப் பதிவேட்டை எப்படி எழுதினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள் தம்பி. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கேட்டுச் சொல்ல, எழுத்தர் தன் காதில் விழுந்தபடி எழுதினார். ஃப்ரீடவுனில் ஆங்கிலக் காது, ஹவானாவில் ஸ்பானியக் காது. அதனால் எமரி பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழு அந்தப் பெயர்களை ஒலிக்கச் செய்து இணையத்தில் வைத்து, ஆப்பிரிக்க மொழிகள் பேசுகிறவர்களிடம் "இது உங்கள் பக்கத்துப் பெயரா?" என்று கேட்டது. இக்போ, யோருபா என்று அடையாளம் காணப்பட்ட பெயர்கள் வழியாக, எந்தத் துறைமுகத்துக்கு எந்த உள்நாட்டிலிருந்து ஆட்கள் கொண்டு வரப்பட்டார்கள் என்று ஊகிக்க முடிந்தது. கப்பல்காரன் கணக்கில் துறைமுகத்துக்கு அப்பால் ஒன்றும் கிடையாது.

வேலூர்க்காரி

இடையில நுழையறேன். எங்க பாட்டி வழிச் சொந்தம் தென்னாப்பிரிக்காவோட நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலியாப் போனவங்க. அந்தக் கப்பல் பட்டியல்களும் டேட்டாபேஸா இருக்கு. 1860 நவம்பர் 16ல சென்னையில இருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'ட்ரூரோ'ல ஆரம்பிச்சு 1911 வரைக்கும் 1,52,184 பேர். பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் வரைக்கும் இருக்கு. செங்கதிர் இதையும் ஒப்பிட்டு எழுதலாமே?

முல்லைநிலவன்

ஒப்பிடலாம், ஆனா "ரெண்டும் ஒண்ணு"ன்னு எழுதிடாதீங்க. ஒப்பந்தம் எவ்வளவு மோசடியா இருந்தாலும், கூலியோட பிள்ளை பிறக்கும்போதே இன்னொருத்தன் சொத்து இல்லை. பட்டியல்லயே அந்த வித்தியாசம் தெரியுது: ஒண்ணுல கிராமம் வரைக்கும் எழுதியிருக்கு, இன்னொண்ணுல பெரும்பாலானவங்க வெறும் எண்ணிக்கை.

வேலூர்க்காரி

ஒண்ணுன்னு நான் சொல்லலைங்க. தேடுற முறையைச் சொன்னேன். கிராமத்துப் பேரை அந்த எழுத்தர் எப்படி எழுதியிருக்கான்னு கண்டுபிடிக்கிறதே எங்க வீட்டுல பெரிய பஞ்சாயத்து. வாத்தியார் ஐயா சொன்ன காது சமாச்சாரம் இங்கேயும் உண்டு.

செங்கதிர்

எல்லாருக்கும் நன்றி. நாலு நூற்றாண்டையும் தொடப் போறதில்லை. புரூக்ஸ் ஒரு கப்பலையே எடுத்துக்கறேன்: டால்பன் சட்டத்துக்கு முந்தின பயணங்கள், பிந்தின பயணங்கள், டன்னுக்கு எத்தனை பேர். மொத்த எண்ணிக்கைக்கு எஸ்டிமேட்ஸ்ல இருந்து ஒரு வாக்கியம் மட்டும். அடிக்குறிப்பு எப்படிப் போடணும்?

டேட்டா_துரை

ஒவ்வொரு பயணத்துக்கும் 'வாயேஜ் ஐடி'ன்னு ஒரு எண் இருக்கும், அதைக் கட்டாயம் போடுங்க. எந்தத் தேதியில இறக்கினீங்கன்னும் போடுங்க. புதுசா ஆவணம் கிடைக்கக் கிடைக்க வரிசையைத் திருத்துறாங்க, எஸ்டிமேட்ஸும் மாறியிருக்கு. அடுத்த வருஷம் ஒருத்தர் சரிபார்க்கப் போய் வேற எண் வந்தா, நீங்கதான் தப்பாக் கூட்டினீங்கன்னு நினைப்பாங்க. இறக்கின ஃபைலை அப்படியே தொடாம ஒரு காப்பி வெச்சுட்டு, இன்னொரு காப்பியில வேலை பாருங்க.

கடற்குதிரை

இம்ப்யூட்டட் எண் போட்ட இடத்துல எல்லாம் ஒரு நட்சத்திரக் குறி. வைவாவுல முதல் கேள்வி அங்கே இருந்துதான் வரும்.

செங்கதிர்

சரிக்கா. கடைசியா ஒண்ணு, மொபைல்ல டேபிள் திறந்தா சோர்சஸ் கட்டமே கண்ணுல படலை. எனக்கு மட்டுமா?

டேட்டா_துரை

மொபைல்ல மல்லுக்கட்டாதீங்க. காலேஜ் லேப்ல பெரிய திரையில திறங்க. எந்தெந்தக் கட்டம் தெரியணும்னு தேர்வு பண்ற மெனு டேபிள் பக்கத்திலேயே இருக்கும், அதுல சோர்சஸ டிக் பண்ணுங்க. அப்படியே டன், கட்டின ஊர், முதலாளி மூணையும் சேர்த்துக்கோங்க.